கோ மொழியில் ரைட் மெத்தட் எழுதியும் ஐஓ.ரைட்டர் ஆகவில்லை, ஏன்?

கேள்வி:
வணக்கம் நண்பர்களே. கோ கற்க ஆரம்பித்து மூன்று வாரம் ஆகிறது. எழுதப்படும் பைட்டுகளை எண்ண 'கவுன்டர்' என்று ஒரு ஸ்ட்ரக்ட் வைத்திருக்கிறேன். உள்ளே 'டோட்டல்' என்ற ஒரே ஃபீல்டு. ரைட் மெத்தடின் ரிசீவர் (மெத்தட் எந்த டைப்போடு சேர்ந்தது என்பது) *கவுன்டர், அதாவது கவுன்டரின் முகவரியை வைத்திருக்கும் பாயின்ட்டர். 'சி' என்ற வேரியபிளில் வைத்து சி.ரைட் என்று நேராக அழைத்தால் ஓடுகிறது. அதே சி-யை எஃப்பிரின்ட்எஃப்-க்குக் (கொடுத்த ரைட்டரில் எழுதும் ஃபங்ஷன்) கொடுத்தால், கவுன்டர் ஐஓ.ரைட்டரை (ரைட் மெத்தட் இருக்க வேண்டும் என்று கேட்கும் இன்டர்ஃபேஸ்) இம்ப்ளிமென்ட் செய்யவில்லை, ரைட் மெத்தடுக்குப் பாயின்ட்டர் ரிசீவர் இருக்கிறது என்று கம்பைலர் பிழை காட்டுகிறது. நட்சத்திரக் குறியை எடுத்துவிட்டேன். கம்பைல் ஆனது, ஆனால் டோட்டல் 0-விலேயே நிற்கிறது. இரண்டு நாளாக இதோடுதான் மல்லுக்கட்டுகிறேன்.

பதில்:
நட்சத்திரத்தைத் திரும்பப் போடுங்கள், அது சரிதான். மாற்ற வேண்டியது அழைக்கும் இடம்: சி-க்குப் பதில் &சி (சி-யின் முகவரி) கொடுங்கள்.

கவுன்டர் வேறு டைப், *கவுன்டர் வேறு டைப். பாயின்ட்டர் ரிசீவரில் எழுதிய மெத்தட் *கவுன்டருக்கு மட்டுமே சேரும். வேல்யூ ரிசீவரில் (நட்சத்திரம் இல்லாமல்) எழுதினால் இரண்டுக்கும் சேரும். நட்சத்திரத்தை எடுத்ததும் கம்பைல் ஆனது அதனால்தான். ஆனால் அப்போது ரைட் வேலை செய்வது ஒரு நகலில். எண்ணிக்கை நகலில் ஏறி, நகலோடு போய்விடுகிறது.

கேட்டவர்:
அப்படியென்றால் சி.ரைட் மட்டும் எப்படி ஓடியது அண்ணா?

பதில்:
சி ஒரு வேரியபிள், அதற்கு முகவரி உண்டு. கம்பைலரே அதை (&சி).ரைட் என்று எடுத்துக்கொள்கிறது. இந்த வசதிதான் எல்லோரையும் குழப்புகிறது. நானும் இதே இடத்தில் திணறியிருக்கிறேன். இன்டர்ஃபேஸுக்குள் போன மதிப்பின் முகவரியை எடுக்க முடியாது. மேப்பில் இருக்கும் ஸ்ட்ரக்ட்டுக்கும் இதே கதிதான்.

இன்னொருவர்:
கோ மொழியில் 'இம்ப்ளிமென்ட்ஸ்' என்று எங்கும் எழுதுவதில்லை. அதனால் ஸ்ட்ரக்ட்டுக்குக் கீழே இந்த ஒரு வரியைப் போட்டு வையுங்கள்:

வார் _ ஐஓ.ரைட்டர் = (*கவுன்டர்)(நில்)

மெத்தட் பெயரிலோ ரிட்டர்ன் டைப்பிலோ தப்பு இருந்தால் கம்பைலர் இங்கேயே சொல்லிவிடும். ரைட் திருப்பித் தர வேண்டியது இன்ட், எரர் இரண்டும். எரரை விட்டுவிடுபவர்கள் நிறைய.

கேட்டவர்:
ஓடிவிட்டது! 'வணக்கம்' என்று எழுதினேன், டோட்டல் 21 காட்டுகிறது. இது சரியா?

பதில்:
சரிதான். புள்ளியையும் தனியாக எண்ணினால் அதில் 7 குறியீடுகள். யுடிஎஃப்-8-இல் (எழுத்துகளைப் பைட்டுகளாக வைக்கும் முறை) தமிழுக்கு ஒவ்வொன்றும் 3 பைட்.