140 மீட்டர் தள்ளி இருக்கும் முந்திரிக் கொட்டகைக்கு 4 கேமரா: வீட்டு நெட்வொர்க்கோடு எப்படி இணைப்பது?

பலாமேடு:
வீடு பண்ருட்டி பக்கம். வீட்டுக்குப் பின்னால 140 மீட்டர் தள்ளி முந்திரிக்கொட்டை மூட்டை அடுக்குற கொட்டகை, அதை ஒட்டி மோட்டார் ஷெட். நடுவுல பலாவும் முந்திரியும் அடர்த்தியா நிக்குது, டிராக்டர் போற பாதை ஒண்ணு குறுக்கே போகுது. 4 ஐபி கேமரா (4 மெகாபிக்சல், பிஓஇ, அதாவது நெட்வொர்க் வயரிலேயே கரண்டும் வர்ற வகை) போடணும். என்விஆர் (கேமரா படத்தைப் பதியிற பெட்டி) வீட்டுக்குள்ள ரவுட்டர் பக்கத்துல இருக்கும்.

எலெக்ட்ரீஷியன் "கேட்6 (செம்பு நெட்வொர்க் வயர்) இழுத்து 70 மீட்டர்ல ஒரு கப்ளர் போட்டா போதும்"னு சொல்றார். இன்னொருத்தர் வயர்லெஸ்ஸே போதும்ங்கிறார். கரண்டை மோட்டார் சர்வீஸ்லேர்ந்தே எடுக்கலாமா? எது சரி?

வயர்க்கூடை:
கப்ளர் யோசனையை முதலில் விட்டுவிடுங்கள். செம்பு நெட்வொர்க் வயருக்கு 100 மீட்டர்தான் வரம்பு. அது ஒரு துண்டு வயரின் நீளத்துக்கான வரம்பு இல்லை, இந்த முனை சாதனத்திலிருந்து அந்த முனை சாதனம் வரை மொத்த நீளத்துக்கான வரம்பு. கப்ளர் வயரை ஒட்டுமே தவிர சிக்னலைப் புதுப்பிக்காது. நடுவில் ஸ்விட்ச் வைத்தால் புதுப்பிக்கும்தான், ஆனால் பலாமரத்தடியில் ஒரு பெட்டி, அதற்கு ஒரு கரண்ட், மழைக்காலத்தில் அதற்கு ஒரு காவல் என்று வேலை பெருகும்.

கடையில் "250 மீட்டர் போகும்" என்று ஒரு பிஓஇ ஸ்விட்ச் காட்டுவார்கள். பக்கவாட்டில் 'எக்ஸ்டெண்ட்' என்று சின்ன பொத்தான் இருக்கும். அதைத் தள்ளினால் போர்ட்டின் வேகம் 10 எம்பிபிஎஸ் ஆகிவிடும். ஒரு கேமராவுக்கு அது தாராளம். உங்களுக்கு அப்படி இல்லை. எச்.265-இல் (வீடியோவைச் சுருக்கும் முறை) கேமராவுக்கு 4 எம்பிபிஎஸ் வைத்தாலும் 4 கேமராவுக்கு 16 எம்பிபிஎஸ், அத்தனையும் ஒரே வயரில் வர வேண்டும். படம் விட்டுவிட்டு வரும், கடைசியில் கேமரா மேல் பழி போடுவார்கள்.

ஃபைபர் இழுங்கள். பிராட்பேண்டுக்கு வீடுகளுக்கு இழுக்கிறார்களே, அதே தட்டையான கறுப்பு டிராப் கேபிள்தான். சிங்கிள் மோடு, 2 கோர் (உள்ளே இரண்டு இழை). 160 மீட்டர் வாங்கினால் வளைவுகளுக்கும் போய், இரண்டு முனையிலும் சில மீட்டர் சுருட்டி வைக்க மிஞ்சும். ஒரு கோர் வேலைக்கு, இன்னொன்று கையிருப்பு. மீட்டர் கணக்கில் பார்த்தால் நல்ல அவுட்டோர் கேட்6-ஐ விட இது மலிவு.

முனைகளுக்கு மீடியா கன்வெர்ட்டர் (ஃபைபர் ஒளியை நெட்வொர்க் வயர் சிக்னலாகவும், அதைத் திரும்ப ஒளியாகவும் மாற்றும் பெட்டி) ஒரு ஜோடி. ஒரே இழையில் போகவும் வரவும் செய்யும் வகை கேளுங்கள். அதில் ஒன்று 'ஏ', மற்றது 'பி': ஒன்று 1310 நானோமீட்டரில் அனுப்பி 1550-இல் வாங்கும், மற்றது நேர்மாறு. இணைப்பியின் நிறத்தையும் பாருங்கள். கன்வெர்ட்டரில் பெரும்பாலும் நீலம் (யுபிசி) இருக்கும், பிராட்பேண்ட் ஆட்கள் பையில் பச்சை (ஏபிசி) இருக்கும். பச்சையின் முனை 8 டிகிரி சாய்வாகச் சீவப்பட்டது. நீலத்துக்குள் பச்சையைச் செருகினால் உட்காரும், ஆனால் ஒளி வீணாகும், முனையும் கெடும்.

முனையில் ஃபாஸ்ட் கனெக்டர் (ஒட்டாமல் கையாலேயே மாட்டும் இணைப்பி) போட்டாலும் 140 மீட்டருக்கு ஓடும். ஐப்பசி அடைமழை ஈரத்தில் அதுதான் முதலில் மக்கர் செய்யும். ஸ்ப்ளைசிங் மெஷின் (இழைகளை உருக்கி ஒட்டுவது) வைத்திருப்பவரைக் கூப்பிட்டு, இரண்டு முனையிலும் நீல பிக்டெயில் (இணைப்பி பொருத்திய சின்ன இழைத் துண்டு) ஒட்டச் சொல்லுங்கள். கேபிளைச் சுருட்டும்போது உள்ளங்கை அகலத்துக்குக் கீழே வளைக்க வேண்டாம்.

மரத்துக்கு மரம் கட்டி மேலே இழுக்காதீர்கள். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் வந்தபோது இந்தப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஒன்றரை அடி ஆழத்தில் 32 மில்லிமீட்டர் எச்டிபிஇ குழாய் புதையுங்கள். டிராக்டர் பாதையில் மட்டும் 3 அடி, அந்த இடத்தில் ஜிஐ குழாய்க்குள் நுழைத்துவிடுங்கள். சும்மா மண்ணில் புதைத்தால் பெருச்சாளி கடிக்கும். குழாய்க்குள் ஒரு நைலான் கயிறு சேர்த்துப் போட்டு வையுங்கள், நாளைக்கு மாற்ற வேண்டி வந்தால் திரும்பத் தோண்ட வேண்டாம்.

கொட்டகையில் மழை நுழையாத பெட்டி ஒன்றைத் தரையிலிருந்து 5 அடி உயரத்தில் அடித்து, உள்ளே கன்வெர்ட்டரும் 4 போர்ட் பிஓஇ ஸ்விட்சும் வையுங்கள். இரவில் ஐஆர் (இருட்டில் படம் எடுக்க உதவும் அகச்சிவப்பு விளக்கு) எரியும்போது கேமராவுக்கு 7 வாட் வைத்தால் 28 வாட். 60 வாட் ஸ்விட்ச் போதும். வயர் நுழையும் ஓட்டை பெட்டியின் அடிப்பக்கம்தான் இருக்க வேண்டும்.

ஸ்விட்சிலிருந்து கேமராவுக்குக் கேட்6. இதில்தான் ஏமாற்று அதிகம்: செம்பு பூசிய அலுமினியம். கம்பியை பிளேடால் லேசாகச் சுரண்டுங்கள், வெள்ளி மாதிரி தெரிந்தால் சுருளையே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மின்தடை அதிகம், கிரிம்ப் செய்த இடத்தில் ஒடியும், உப்புக்காற்றில் சீக்கிரம் பூத்துப் போகும்.

பாகூர்_ஆண்டெனா:
வயர்லெஸ்ஸை ஒரேயடியாகத் தள்ள வேண்டாம். 5 கிகாஹெர்ட்ஸ் சிபிஇ (வெளியில் மாட்டும் வயர்லெஸ் ஆண்டெனா பெட்டி) ஜோடிக்கு 140 மீட்டர் ஒரு தூரமே இல்லை, நேர்ப்பார்வை மட்டும் இருந்தால். மாடியில் நின்றால் கொட்டகைக் கூரை தெரிகிறதா என்பது பாதி கேள்விதான். இந்தத் தூரத்துக்கு நடுப்புள்ளியில், பார்வைக்கோட்டைச் சுற்றி 1.3 மீட்டர் ஆரத்துக்கு அலை பரவிப் போகும். அதில் பாதிக்கு மேல் வெற்றிடமாக இருக்க வேண்டும். பலா இலை தடிமன், நனைந்தால் சிக்னலைக் குடித்துவிடும். சித்திரையில் -58 டிபிஎம் காட்டும் லிங்க் கார்த்திகையில் -80-க்கு இறங்கிப் போகும். நீங்கள் சொல்லும் தோப்புக்கு நானும் ஃபைபர்தான் சொல்வேன்.

வெட்டவெளி வயல் உள்ளவர்கள் இதைப் படித்தால் ஒரு எச்சரிக்கை: இந்த சிபிஇ-களில் பல 24 வோல்ட் பாசிவ் வகை. பெட்டியோடு வரும் இன்ஜெக்டரைத்தான் (நெட்வொர்க் வயரில் கரண்டைச் சேர்க்கும் அடாப்டர்) பயன்படுத்த வேண்டும். அந்த இன்ஜெக்டர் எதையும் கேட்காமலே கரண்டை அனுப்பும், அதில் வேறு சாதனத்தைச் செருகினால் போர்ட் போய்விடும்.

ஃபியூஸ்கட்டை:
மோட்டார் சர்வீஸ் வேண்டாம். அது இலவச விவசாய இணைப்பு என்றால் பாசன மோட்டாருக்குத்தான், அதில் கேமரா ஓட்டினால் விதிமீறல். அது ஒரு பக்கம் இருக்க, மோட்டார் எடுக்கும் ஒவ்வொரு முறையும் வோல்டேஜ் இறங்கி ஸ்விட்ச் ரீஸ்டார்ட் ஆகும், சரியாக அந்த ஒரு நிமிஷம் ரெக்கார்டிங் இருக்காது.

வீட்டு இன்வெர்ட்டர் லைனிலிருந்து 230 வோல்ட்டாகவே கொண்டு போங்கள். மொத்த லோடு 40 வாட்டைத் தாண்டாது. 1.5 சதுர மி.மீ. 2 கோர் செம்பு ஆர்மர்டு கேபிள் போதும். போய்வர 280 மீட்டருக்குச் சுமார் 3.4 ஓம், 0.2 ஆம்பியரில் ஒரு வோல்ட்கூட இறங்காது. அடாப்டரை வீட்டில் வைத்து 12 வோல்ட்டை அனுப்பும் ஆட்கள் இருக்கிறார்கள். அதே கேபிளில் 3 ஆம்பியர் போனால் 10 வோல்ட் வழியிலேயே போய்விடும். பாதி லோடு என்றாலும் பகலில் படம் வரும், பொழுது சாய்ந்து ஐஆர் எரிந்ததும் கேமரா அணைந்து அணைந்து எழும். கேமரா பழுது என்று கழற்றிக்கொண்டு போவார்கள்.

வீட்டுப் பக்கம் 6 ஆம்பியர் எம்சிபி, 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் நிறுத்துவது). கேபிளின் ஆர்மரை வீட்டு எர்த்தோடு கட்டுங்கள். அதே பள்ளத்தில் போகலாம், ஃபைபர் குழாய்க்குள் மட்டும் நுழைக்காதீர்கள்.

ஃபைபர் சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வீட்டுக்கு ஒரு எர்த், மோட்டார் ஷெட்டுக்கு ஒரு எர்த். பக்கத்தில் இடி விழுந்தால் இரண்டுக்கும் நடுவே ஆயிரக்கணக்கில் வோல்ட் வித்தியாசம் வரும், செம்பு நெட்வொர்க் வயர் அதற்குப் பாலம். இரண்டு முனையிலும் போர்ட்டுகள் கருகும், என்விஆரும் ரவுட்டரும் சேர்ந்தே போகும். ஃபைபரில் அந்தப் பாலம் இல்லை, ஆனால் டிராப் கேபிளின் ஓரத்தில் ஒரு இரும்புக் கம்பி ஓடும். இழுத்து முடித்ததும் பெட்டிக்கு ஒரு மீட்டர் முன்னாலேயே இரண்டு பக்கமும் அதை நறுக்கிவிடுங்கள். கரண்ட் கேபிள் எப்படியும் செம்புதான், அதனால் இரண்டு முனையிலும் டைப் 2 எஸ்பிடி (திடீர் மிகை வோல்டேஜை எர்த்துக்குத் திருப்பிவிடும் கருவி) அவசியம்.

பலாமேடு:
ரொம்ப நன்றிங்க. ஃபைபர்னு முடிவு பண்ணியாச்சு. பழைய வைஃபை ரவுட்டர் ஒண்ணு சும்மா கிடக்கு, அதையும் அந்த ஸ்விட்ச்ல மாட்டினா கொட்டகையில போன் எடுக்குமா? ஐபி நம்பர் எல்லாம் எப்படி வைக்கிறது?

வயர்க்கூடை:
எடுக்கும். ஸ்விட்சிலிருந்து வரும் வயரை அந்தப் பழைய ரவுட்டரின் வேன் (WAN) போர்ட்டில் செருகாமல் லேன் (LAN) போர்ட்டில் செருகுங்கள். அதற்கு முன்னால் அதன் டிஹெச்சிபியை (சாதனங்களுக்குத் தானாக ஐபி நம்பர் கொடுக்கும் வசதி) அணைத்து, அதற்கு 192.168.1.2 என்று கொடுங்கள் (வீட்டு ரவுட்டர் 192.168.1.1 என்றால்). அணைக்க மறந்தால் இரண்டு ரவுட்டரும் நம்பர் விநியோகிக்கும், வீட்டில் நெட் வரும் போகும், காரணமே பிடிபடாது. ஸ்விட்சில் 'விலேன்' அல்லது 'சிசிடிவி' என்று பொத்தான் இருந்தால் அதை அணைத்தே வையுங்கள். போட்டால் போர்ட்டுகள் ஒன்றையொன்று பார்க்காது, அப்லிங்கை (வீட்டுப் பக்கம் போகும் போர்ட்) மட்டும்தான் பார்க்கும்.

கேமராக்களை ஒரே நேரத்தில் மாட்டாதீர்கள். ஹிக்விஷன் என்றால் நான்குமே பெட்டியிலிருந்து 192.168.1.64 என்றுதான் வரும், டாஹுவா என்றால் 192.168.1.108. ஒன்றை மாட்டி, பாஸ்வேர்டு வைத்து, 192.168.1.201 கொடுத்துவிட்டு அடுத்தது. இப்படியே .204 வரை. ரவுட்டரின் டிஹெச்சிபி வரம்பை .150-உடன் நிறுத்திவிடுங்கள்.

என்விஆரின் பின்னால் பிஓஇ போர்ட்டுகள் இருந்தால் கன்வெர்ட்டரை அதில் செருக வேண்டாம், அவை தனி நெட்வொர்க்கில் இயங்கும். கன்வெர்ட்டர் ரவுட்டருக்கு, என்விஆரின் லேன் போர்ட்டும் ரவுட்டருக்கு. கேமராக்களை ஐபி கொடுத்துச் சேர்த்துக்கொள்ளலாம். வெளியூரிலிருந்து பார்க்க ரவுட்டரில் போர்ட் திறந்துவிடச் சொன்னால் கேட்காதீர்கள், கம்பெனி ஆப் போதும்.

ஹார்ட் டிஸ்க் கணக்கு: 4 எம்பிபிஎஸ் என்றால் கேமராவுக்கு நாளைக்கு 43 ஜிபி, நான்குக்கும் 173. 2 டிபியில் 11 நாள் நிற்கும். கேமராவிலேயே மெமரி கார்டு போட இடம் இருந்தால் போட்டுவிடுங்கள், கேபிள் அறுபட்டாலும் பதிவு இருக்கும்.

கொட்டைவறுவல்:
நெட்வொர்க் பற்றி இல்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். பக்கத்தில் கொட்டை வறுக்கும் டிரம் இருந்தால் அந்தப் புகையில் ஓட்டு எண்ணெய் இருக்கும். கேமரா கண்ணாடியில் பிசுபிசுவென்று படியும், அதில் தூசி ஒட்டும், ராத்திரி படம் முழுக்க வெள்ளை மூட்டம். தண்ணீர் ஊற்றித் துடைத்தால் போகாது, ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த மெல்லிய துணியால் ஒற்றியெடுங்கள். ஐஆருக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும், கண்ணாடி முன்னாலேயே வலை கட்டும். கேமராவிலிருந்து இரண்டு மூன்று அடி தள்ளி ஒரு எல்இடி பல்பு போட்டு ஐஆரை அணைத்துவிட்டால் பாதி தொல்லை குறையும்.

பலாமேடு:
குழாய் புதைச்சு ஃபைபர் இழுத்தாச்சு, ஸ்ப்ளைசும் பண்ணியாச்சு. கன்வெர்ட்டர் ரெண்டுலயும் பவர் லைட் எரியுது, ஈதர்நெட் லைட்டும் எரியுது. 'எஃப்எக்ஸ்'னு போட்ட லைட் மட்டும் ரெண்டு பக்கமும் எரியல. சிவப்பு லேசர் பேனா அடிச்சா கொட்டகை முனையில வெளிச்சம் வருது.

வயர்க்கூடை:
அப்படியானால் இழை அறுபடவில்லை. கன்வெர்ட்டரைத் திருப்பி அடியில் இருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். இரண்டிலும் என்ன எண் போட்டிருக்கிறது?

பலாமேடு:
ரெண்டுலயும் அனுப்புறது 1310, வாங்குறது 1550-னுதான் இருக்கு. கடைக்காரர் 'ஏ'-வையே ரெண்டு கொடுத்துட்டார். காலையில ஒண்ணை எடுத்துட்டுப் போய் மாத்திக்கிறேன்.