கடல் தெரியும் ரூமா, மூன்றாவது தெருவா?

கடலோர ஊரில் குறைந்த செலவில் எங்கே தங்கலாம் என்று கேட்டவர்களுக்காக எழுதுகிறேன். மூன்று நாள் பயணத்தில் இரண்டு இடம் மாறித் தங்கினோம், நானும் மனைவியும் ஐந்து வயதுப் பையனும்.

முதல் நாள் 'சீ வியூ' என்ற சொல்லுக்கே பட்ஜெட்டில் பாதியைக் கொடுத்தோம். பகலில் குறை சொல்ல முடியாது. பதினோரு மணிக்கெல்லாம் காற்று ஏறி, திரைச்சீலை படபடவென்று அடித்துக்கொண்டது. ராத்திரி படுக்கும் நேரத்தில் ஒரு இழை காற்றில்லை. பள்ளிக்கூடத்தில் படித்ததுதான்: பகலில் நிலம் சீக்கிரம் சூடாகி, கடலிலிருந்து காற்று வரும், இரவில் நிலம் முதலில் ஆறிவிட, காற்று கடலை நோக்கிப் போகும். எங்கள் ரூமின் ஒரே ஜன்னல் கடலைப் பார்த்தது. பின்னால் முழுச்சுவர். பையன் வியர்த்து நனைந்து புரண்டுகொண்டே இருந்தான். ஜன்னலின் மற்றொரு கதவையும் திறக்கலாம் என்றால் கொக்கி உப்புக்காற்றில் துருப்பிடித்து இறுகியிருந்தது. விரலெல்லாம் பழுப்புப் பொடி. குளிக்கப் போனால் உப்புத்தண்ணீர், சோப்பு நுரைக்கவே இல்லை.

மறுநாள் காலையே பையைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் பார்த்தோம். பத்து நிமிட நடையில், மூன்றாவது தெருவில் ஒரு மாடி போர்ஷன் கிடைத்தது. பாதிக்கும் குறைந்த வாடகை. பணம் கொடுக்குமுன் என் மனைவி குழாயைத் திறந்து, ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்தாள். தலையணையை முகர்ந்தாள். ஜன்னல் எதிரெதிராக இரண்டு. அன்றிரவு பையன் அசையாமல் தூங்கினான். சின்ன அடுப்படியும் இருந்ததால் பாலுக்கு அலையவில்லை.

என்னைக் கேட்டால், முதல் இரவுக்கு மட்டும் முன்பதிவு செய்யுங்கள். மிச்சத்தை நேரில் பார்த்து முடிவு செய்யலாம். விடுமுறை நெரிசலில் மட்டும் இது சரிப்படாது. 'பீச்சுக்கு 500 மீட்டர்' என்று போட்டிருந்தால், நடக்கும் பாதையை மேப்பில் அளந்து பாருங்கள். நடுவில் ஒரு கழிமுகம் இருந்தால் சுற்றிக்கொண்டுதான் போகணும். வாடகை 24 மணி நேரத்துக்கா, மதியம் காலி செய்யணுமா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

பதில்:
சார், நான் தனியாகப் பயணம் போகிற பெண். உள் தெரு வாடகை குறைவு என்பது உண்மை. ஆனால் பகலில் பார்த்து முடிவு செய்து ஒருமுறை மாட்டிக்கொண்டேன். இருட்டிய பிறகு பீச்சிலிருந்து திரும்பினால் பாதித் தூரம் விளக்கே இல்லை, இரண்டு பக்கமும் காலி மனை. செல்போன் வெளிச்சத்தில் ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தேன். உள்தாழ்ப்பாளும் ஆடியது, நாற்காலியைக் கதவில் முட்டுக்கொடுத்துத்தான் படுத்தேன். இப்போதெல்லாம் ஏழு மணிக்கு மேல் அந்தத் தெருவை ஒருமுறை நடந்து பார்த்த பிறகுதான் அட்வான்ஸ் கொடுக்கிறேன்.