கைச் சைரன் சுற்றியவர்கள், கேட்டவர்கள்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கல்லடிக்காரன்
2012 ஏப்ரல் 11, பகல் இரண்டு மணி கடந்து நிலம் லேசாக ஆடியது. சுமாத்திராவில் 8.6 என்று செய்தி வந்ததும் கடற்கரைச் சனம் பாலத்துப் பக்கம் ஓடத் தொடங்கிவிட்டது. ஊர் அனர்த்தக் குழுவின் கைச் சைரன், கைப்பிடியைச் சுற்றினால் ஊளையிடுவது, என் பொறுப்பில்தான் இருந்தது. சந்தியில் மேசை போட்டுச் சுற்றினேன். முதலில் முனகல், பிறகு அந்த ஊளை. எல்லாரும் மேற்கே ஓட, எங்கள் ஒழுங்கை மாமி மட்டும் கடலைப் பார்த்து நடந்தார். 2004 சுனாமியில் இரண்டு பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்தவர். "மாமி, இங்கால வாங்க!" என்று கத்தினேன். என் சைரன் சத்தத்தில் என் குரலே அவருக்குக் கேட்கவில்லை.

கைப்பிடியை விட்டுவிட்டு ஓடினேன். உள்ளே உருளை தன்பாட்டில் சுழல, சத்தம் மெல்ல மெல்ல இறங்கியது. அது அடங்குவதற்குள் மாமியின் கையைப் பிடித்துவிட்டேன். அன்று கடல் வரவில்லை. ஆனாலும் சத்தம் நின்றதும் ஆபத்து போய்விட்டது என்று யாராவது திரும்பியிருந்தால்? இன்றுவரை அது மனதை அரிக்கிறது.

காரைதீவுப் பிள்ளை
எனக்கு இது சித்திரை விளையாட்டு விழாவில் நடந்தது. கயிறிழுத்தல் தொடங்க ஒருவர் சைரனைச் சுற்றினார். பக்கத்தில் கச்சான் உடைத்துக்கொண்டிருந்த அப்பா, ஒரு வார்த்தை பேசாமல் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார். அப்போது எனக்கு 19 வயது. மைதானமே பார்த்தது. இதை விளையாட்டுக்குச் சுற்றவே கூடாது.

மருதமுனை நானா
தங்கச்சி, உங்கள் அப்பாவின் நிலை விளங்குகிறது. ஆனால் 'கூடவே கூடாது' என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எங்கள் சைரனை யாரும் தொடக்கூடாது என்று அலுமாரியில் பூட்டி வைத்தோம். ஒரு மார்கழி வெள்ள இரவில் எடுத்தால் கைப்பிடி அசையவில்லை. உப்புக் காற்று பல்சக்கரத்தைத் தின்றிருந்தது. தகரத்தைத் தட்டித்தான் ஆட்களை எழுப்பினோம்.

அதனால் சொல்கிறேன். மாதம் ஒருமுறை சுற்றுங்கள், பல்சக்கரத்துக்குக் கிறீஸ் போடுங்கள். முதல் நாளே பள்ளிவாசலிலும் கோயிலிலும் ஒலிபெருக்கியில் அறிவித்துவிடுங்கள். விழாவென்றாலும் அப்படித்தான். உள்ளே துளையுள்ள உருளை, துளையுள்ள கூட்டுக்குள் சுழன்று காற்றை வெட்டி வெட்டி விடுகிறது. துளை 10, சுழற்சி விநாடிக்கு 40 என்றால் 400 ஹேர்ட்ஸ். வேகம் குறைந்தால் சுருதி விழும், சத்தமும் விழும். ஆகவே களைத்த ஒருவர் சுற்றுவதை விட, இருவர் மாறி மாறிச் சுற்றுவது நல்லது. திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் ஏறத்தாழ 6 டெசிபெல் குறையும், எதிர்க்காற்றில் இன்னும் மோசம். நிலத்தில் வைக்காதீர்கள், மதில் உயரத்துக்காவது ஏற்றுங்கள். காதில் பஞ்சாவது வையுங்கள். ஏறி இறங்கினால் ஓடு, ஒரே சுருதியில் நீண்டால் ஆபத்து நீங்கியது என்று ஊரோடு பேசி முடிவெடுங்கள். சந்தேகம் வந்தால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு எடுத்துக் கேளுங்கள்.

வெல்லாவெளி வயல்
நான் யானைக்குச் சுற்றினேன். யானை வெடி தீர்ந்த இரவு அது. முதல் நாள் ஓடியது. நான்காம் நாள் ஓர் அலியன் யானை வரம்பில் நின்று, காதைக்கூட ஆட்டாமல் கேட்டுக்கொண்டே நின்றது. நிறுத்தினால் வந்துவிடுமோ என்று கை மரத்துப்போகும்வரை சுற்றினேன். விடியும் முன் அது தானாகவே திரும்பிப் போனது. அதற்குப் பிறகு சைரனை வயலுக்குக் கொண்டுபோகவில்லை.

கல்லடிக்காரன்
நானா, இருவர் என்று நீங்கள் எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். அன்று என்னோடு மாறிச் சுற்ற வேண்டிய மற்றவர் தன் பிள்ளைகளைத் தேடிப் போயிருந்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

தங்கச்சி, அப்பா பிறகு ஏதும் சொன்னாரா?

காரைதீவுப் பிள்ளை
இல்லை அண்ணா. பிரதான வீதிக்கு வந்து மூச்சு வாங்கியபோது, "உன்ர செருப்பு ஒன்று எங்கேயோ விழுந்துட்டு மகள்" என்றார். அவ்வளவுதான். செருப்பைத் தேடிக்கொண்டு அவரே மைதானத்துக்குத் திரும்பி நடந்தார்.