ஐஃப்ரேமுக்குள் ஓடும் ஊசலின் அளவீட்டைப் படிவத்துக்குக் கொண்டுவருவது எப்படி?

இயற்பியல் டீச்சர்:

வணக்கம். பதினொன்றாம் வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறேன். தனி ஊசல் செய்முறைக்குப் பிள்ளைகள் ஆய்வகம் வருவதற்கு முன்பே பழகிக்கொள்ளட்டும் என்று ஒரு வலைப்பக்கம் செய்திருக்கிறேன். மேலே ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளில் நானே வரைந்த ஊசல். ஸ்லைடரை இழுத்தால் நூலின் நீளம் மாறும், தட்டினால் ஆடும், பக்கத்திலேயே நிறுத்துக்கடிகாரம் உண்டு. கீழே ஒரு கூகுள் ஃபார்ம்: பெயர், பிரிவு, ஐந்து நீளங்கள், ஒவ்வொன்றுக்கும் 20 அலைவுகளுக்கு ஆன நேரம். இரண்டையுமே ஐஃப்ரேமாக, அதாவது என் பக்கத்துக்குள் இன்னொரு பக்கமாக, ஒட்டியிருக்கிறேன்.

பெரும்பாலும் வீட்டில் அப்பா அம்மா போனை வாங்கித்தான் செய்கிறார்கள். மேலே 0.85 மீட்டர் என்று பார்த்துவிட்டு, கீழே தள்ளிக்கொண்டு வருவதற்குள் மறந்துபோய் 0.58 என்று தட்டிவிடுகிறார்கள். 37 விநாடி என்று நேரத்தைச் சரியாகத்தான் எடுத்திருப்பார்கள். ஆனால் கணக்குப் போட்டால் புவியீர்ப்பு முடுக்கம் 6.7 என்று வந்து நிற்கும். ஒழுங்காக அளந்த பிள்ளைக்கு இப்படி விடை வருவதைப் பார்க்க மனசு கேட்கவில்லை.

ஊசலில் இருக்கும் நீளம் தானாகவே படிவத்தில் வந்து உட்கார வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட்டில் ஐஃப்ரேமுக்குள் எட்டிப் படிக்க முயன்றால், வேறு ஆரிஜினில் உள்ள ஃப்ரேமை அணுக முடியாது என்று கன்சோலில் சிவப்பு வரி வருகிறது. வழி உண்டா?

வலைத்தச்சன்:

உண்டு மேடம், ஆனால் இப்போது இருக்கிற அமைப்பில் இல்லை.

முதலில் அந்தச் சிவப்பு வரி. ஸ்கீம், டொமைன், போர்ட் மூன்றும் ஒத்திருந்தால்தான் இரண்டு பக்கங்களும் ஒரே ஆரிஜின். இல்லையென்றால் ஒன்று மற்றொன்றின் உள்ளே பார்க்க உலாவி விடாது. 1995இல் நெட்ஸ்கேப் நேவிகேட்டர் 2 வந்த காலத்திலிருந்தே இருக்கிற கட்டுப்பாடு இது. இது இல்லாவிட்டால் எந்தப் பக்கமும் உங்கள் மின்னஞ்சலை ஐஃப்ரேமில் திறந்து வாசித்துவிடும். ஆகவே இதைத் தாண்டக் குறுக்குவழி தேடி நேரத்தைக் கழிக்க வேண்டாம்.

ஜியோஜீப்ராவுக்கு ஐஃப்ரேமே தேவையில்லை. அவர்கள் தரும் டெப்ளாய்ஜிஜிபி என்ற ஸ்கிரிப்ட்டை உங்கள் பக்கத்தில் சேர்த்து, ஒரு டிவ்வுக்குள் (பக்கத்தில் ஒதுக்கிய பெட்டி) அந்த ஊசலை 'இன்ஜெக்ட்' செய்யுங்கள். அப்போது அது உங்கள் பக்கத்தின் பகுதியாகவே ஓடும். ஆப்லெட், அதாவது அந்த ஊசல், ஏறி முடிந்ததும் 'ஆப்லெட்ஆன்லோட்' கூப்பிடப்படும், அதனிடம் கேட்டு வாங்குவதற்கான ஏபிஐ உங்கள் கைக்கு வரும். அதற்குப் பிறகு 'கெட்வேல்யூ' என்று ஸ்லைடரின் பெயரைக் கொடுத்துக் கேட்டால் நீளம் எண்ணாகக் கிடைக்கும். ஏறி முடிவதற்கு முன்னால் கேட்காதீர்கள், மெதுவான போனில் வெறுங்கைதான் மிஞ்சும்.

கூகுள் ஃபார்ம்தான் சிக்கல். அது கூகுளின் ஆரிஜினில் இருப்பதால் அதன் கட்டத்துக்குள் உங்கள் பக்கம் எதையும் எழுத முடியாது. முன்நிரப்பிய இணைப்பு என்று ஒன்று தருவார்கள், முகவரியின் வாலில் 'என்ட்ரி' எண்ணும் மதிப்பும் சேர்ந்து வரும். அதைக் கொண்டு ஐஃப்ரேமின் முகவரியை மாற்றலாம். ஆனால் மாற்றும் ஒவ்வொரு முறையும் ஃபார்ம் புதிதாகத் திறக்கும், பிள்ளை ஏற்கெனவே அடித்த பெயரும் பிரிவும் போய்விடும். ஐந்து அளவீடும் முடிந்த பிறகு ஒரே ஒரு முறை அந்த இணைப்பைத் திறப்பதாக இருந்தால் சரிப்படும்.

நானாக இருந்தால் உங்கள் பக்கத்திலேயே சாதாரண எச்டிஎம்எல் படிவம் எழுதி, கூகுளின் ஆப்ஸ் ஸ்கிரிப்ட்டில் அதை வாங்கிக்கொள்ள ஒரு 'டூபோஸ்ட்' வைத்து, நேராகக் கூகுள் ஷீட்டில் விழ வைப்பேன். நீளத்துக்கான கட்டத்தைக் கையால் மாற்ற முடியாதபடி 'ரீட்ஒன்லி' என்று போடுங்கள். 'டிசேபிள்ட்' என்று போட்டால் திரையில் எண் தெரியும், ஆனால் படிவம் அனுப்பும்போது அந்தக் கட்டம் மட்டும் போகாது. ஷீட்டில் காலி நெடுவரிசையைப் பார்த்துக்கொண்டு எங்கே தவறு என்று தேடிக்கொண்டிருப்போம்.

ஆய்வகத்துக்காரர்:

மேலே சொன்ன வழி சரி. நான் சொல்ல வருவது டீச்சருக்கு. நீளத்தைத் தானாக நிரப்புங்கள், நேரத்தை நிரப்பாதீர்கள். அலைவு நேரத்தையும் ஊசலிடமிருந்தே எடுத்துவிடலாம் என்று ஆசை வரும், ஜியோஜீப்ராவுக்குள் சூத்திரம் இருக்கத்தானே செய்கிறது. அப்படிச் செய்தால் எல்லோருக்கும் 9.8 வரும், யாரும் எதையும் அளந்திருக்க மாட்டார்கள். ஒரு பிள்ளை 19 அலைவை எண்ணிவிட்டு 20 என்று நிறுத்தினால் அந்தத் தவறு ஷீட்டில் தெரிய வேண்டும். வகுப்பில் பேச வேண்டியதே அதைப் பற்றித்தான்.

இன்னொன்று. ஸ்லைடர் நகர நகரப் படிவமும் மாறிக்கொண்டே இருக்க வேண்டாம். "இந்த நீளத்தைப் பதிவு செய்" என்று ஒரு பொத்தான் வையுங்கள். அழுத்தினால் அடுத்த காலி வரிசையில் போய் நிற்கட்டும். இதுதான் என் அளவீடு என்று தீர்மானிப்பது மாணவர் கையில் இருக்கட்டும்.

இயற்பியல் டீச்சர்:

இருவருக்கும் நன்றி. ஐஃப்ரேமை எடுத்துவிட்டு டிவ்வில் போட்டேன், நீளம் வருகிறது. பொத்தானும் வைத்துவிட்டேன். நேரத்தை அவர்களே தட்டட்டும், சார் சொன்னது எனக்கு முழுச் சம்மதம்.

ஒரு சந்தேகம். என் பழைய மாணவர் ஒருவர் சுருள்வில் அலைவுக்குத் தனியாக ஒரு பக்கம் எழுதித் தந்திருக்கிறார். அது அவருடைய தளத்தில் இருக்கிறது, அதை ஐஃப்ரேமில்தான் வைத்தாக வேண்டும். கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் பாவனைகளையும் (திரையிலேயே செய்து பார்க்கும் சோதனைகள்) சேர்க்க ஆசை. அவற்றிலிருந்து எடுக்க முடியுமா?

வலைத்தச்சன்:

மாணவர் எழுதியதிலிருந்து முடியும். கதவை உள்ளிருந்து அவர்தான் திறக்க வேண்டும். அவருடைய பக்கம் 'பேரன்ட்'டை, அதாவது வெளியே இருக்கும் உங்கள் பக்கத்தை, நோக்கி 'போஸ்ட்மெசேஜ்' வழியாகச் செய்தி அனுப்பட்டும்: என்ன வகைச் செய்தி, நிறை எவ்வளவு, நீட்சி எவ்வளவு. யாருக்கு என்ற இடத்தில் நட்சத்திரக்குறி போடாமல் உங்கள் தளத்தின் ஆரிஜினை முழுதாக எழுதச் சொல்லுங்கள். உங்கள் பக்கம் 'மெசேஜ்' நிகழ்வைக் கேட்டு, வந்த ஆரிஜின் அவருடைய தளம்தானா, வந்த மதிப்பு எண்தானா என்று பார்த்துவிட்டுக் கட்டத்தில் எழுத வேண்டும். உலாவியின் எக்ஸ்டென்ஷன்கள்கூட இதே வழியில் செய்தி அனுப்பும், சோதிக்காமல் எழுதினால் கண்டதெல்லாம் படிவத்துக்குள் வரும். ஐஃப்ரேமுக்கு 'சேண்ட்பாக்ஸ்' என்ற கட்டுப்பாடு போட்டு, அதில் 'அலவ்-சேம்-ஆரிஜின்' தராமல் விட்டால் ஆரிஜின் 'நல்' என்றுதான் வந்து சேரும். சோதனை ஏன் தோற்கிறது என்று குழம்ப வேண்டாம்.

ஃபெட்டின் வழக்கமான பாவனைகள் அளவீடுகளை வெளியே சொல்லாது. அதற்கென்று ஃபெட்-ஐஓ என்று தனி உரிமம் உள்ள பதிப்பு வைத்திருக்கிறார்கள். அது இல்லாமல் பயன்படுத்துவதாக இருந்தால், பாவனையைத் திரையின் மேல்பாதியில் ஒட்டி நிற்க வைத்து, படிவம் மட்டும் அதன் கீழே நகரும்படி செய்யுங்கள். எண்ணைப் பார்த்துக்கொண்டே தட்டலாம், 0.85 இடம் மாறாது.