பாட எண்ணா, பாடச்சுட்டா?

குழுவினர் எல்லோருக்கும் இலங்கையின் ஹட்டனிலிருந்து வணக்கம்.

பல்கலைக்கழகப் பாடங்களுக்கு இடும் இலக்கங்களைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற இழையில், 'பாட எண்' என்பதே போதும் என்று சென்னை நண்பர் எழுதியிருந்தார். யாழ்ப்பாணத்து அக்கா 'பாடநெறி இலக்கம்' என்றார். இரண்டிலும் எனக்கு உடன்பாடில்லை. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் உயர்தரம் முடித்துப் பல்கலைக்கழகம் போகும் பிள்ளைகளுக்காக நாங்கள் இங்கே ஒரு சிறு கைநூல் தயாரிக்கிறோம். தேயிலைத் தோட்டங்களிலிருந்து போகும் பிள்ளைகளில் பலருக்கு வீட்டில் முன்னே போனவர் எவருமில்லை. தரம் 1 தொடங்கி உயர்தரம் வரை தமிழில் படித்துவிட்டு, போன கையோடு ஆங்கிலத்தில் அச்சான பாடப்பட்டியலைப் பார்த்து எதற்குப் பதிவது என்று முடிவெடுக்க வேண்டும். அந்த நேரத்தில் கையில் இருக்கும் தமிழ்ச்சொல் வழிகாட்ட வேண்டும், வழி மாற்றிவிடக் கூடாது.

'எண்' என்றாலும் 'இலக்கம்' என்றாலும் பிள்ளை எண்ணத் தொடங்கிவிடும். "சேர், 201 இருக்கு, 203 இருக்கு, 202 எங்கே?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பின்னால் புதுப் பாடம் சேர்க்க இடம் விட்டிருப்பார்கள், அல்லது பழைய பாடம் ஒன்றை நிறுத்தியிருப்பார்கள். 305 என்பது முந்நூற்றைந்தாவது பாடமும் இல்லை. பெரும்பாலும் முதல் இலக்கம் எத்தனையாம் ஆண்டுக்குரியது என்பதைச் சொல்கிறது. நடு இலக்கம் சில இடங்களில் உட்பிரிவைக் காட்டும். கடைசி இலக்கம் ஓரிடத்தில் வெறும் வரிசை, இன்னோரிடத்தில் அரையாண்டு, வேறோரிடத்தில் பாடத்தின் கனம், அதாவது கிரெடிட். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் 100களில் தொடங்குபவை முதலாண்டுக்கு, 500க்கு மேல் பெரும்பாலும் பட்டமேற்படிப்புக்கு. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பல துறைகளுக்கு எண்ணே பெயர்: 8 என்றால் பௌதிகவியல், 18 என்றால் கணிதம். அங்கே 18.01 என்பது நுண்கணிதத்தின் முதற்பாடம். நடுவே நிற்கும் புள்ளியைத் தசமப்புள்ளியாக வாசித்தால் ஒன்றும் விளங்காது.

ஆக, இது துண்டு துண்டாகப் பிரித்து வாசிக்க வேண்டிய ஒரு தொடர். தோட்டத்தில் "கீழ்க்கணக்கு ஏழாம் நம்பர் மலை" என்றால் கொழுந்தெடுக்கப் போகிறவர் முதலில் கணக்கை, அதாவது தோட்டத்தின் எந்தப் பிரிவு என்பதைப் பார்க்கிறார், பிறகு மலையைப் பார்க்கிறார். ஏழு என்பதால் ஆறை விட உயரமான மலை என்று யாரும் நினைப்பதில்லை. இந்த வாசிப்புப் பழக்கம் நம் பிள்ளைகளிடம் ஏற்கெனவே இருக்கிறது. சொல் அதற்கு இடம் கொடுத்தால் போதும்.

என் முன்மொழிவு 'பாடச்சுட்டு'. பரீட்சை எழுதிய எந்தப் பிள்ளைக்கும் பரீட்சார்த்திக்குக் கொடுக்கும் சுட்டெண் தெரியும், தமிழ்ப் பாடத்தில் சுட்டெழுத்தும் தெரியும். ஒன்றைக் குறிப்பாகக் காட்டுவது என்ற பொருள் அதில் உண்டு. எழுத்தும் இலக்கமும் கலந்து வந்தாலும் பொருந்தும். 'பாடச்சுட்டி' என்று ஒருவர் கேட்டிருந்தார். வேண்டாம். எங்கள் பாடசாலை நூல்களில் சுட்டி என்றால் கணினியோடு வரும் மவுஸ். எந்தத் துறை என்று காட்டும் பாடச்சுட்டின் முன்பகுதியைத் துறைக்குறி எனலாம், அதில் சிக்கல் இல்லை.

சிக்கல் முதல் இலக்கத்தில்தான். அதை என்னவென்று அழைப்பது? இலங்கையில் 'தரம்' என்றால் பள்ளி வகுப்பு, தரம் 5 புலமைப்பரிசில் போல. 'மட்டம்' எங்களுக்குச் சாதாரணச் சொல், ஆனால் தமிழ்நாட்டு வாசகர் 'மூன்றாம் மட்டப் பாடம்' என்று படித்தால் மட்டமான பாடம் என்று நினைப்பார். 'நிலை' பரவாயில்லை, ஆனால் அது எங்கும் எதற்கும் வருகிறது. நான் 'படி' என்பேன். 300ஆம் படிப் பாடம். ஏறிப் போவது தெரிகிறது, சொல்லும் சின்னது. நகல் என்ற பொருளும் படிக்கு உண்டு என்று ஆட்சேபிக்கலாம். இலக்கத்தோடு வரும்போது அந்தக் குழப்பம் எழாது.

அடுத்தது, பாடத்தின் கனத்தைக் குறிக்கும் 'கிரெடிட்'. இதில் நான் பிடிவாதமாகவே இருக்கிறேன். 'தகுதிப்புள்ளி' வேண்டவே வேண்டாம். எங்கள் நாட்டில் புள்ளி என்றால் பரீட்சையில் எடுப்பது. பல்கலைக்கழக அனுமதியே வெட்டுப்புள்ளியில்தான் நிற்கிறது. 'மூன்று தகுதிப்புள்ளிப் பாடம்' என்றால் நூற்றுக்கு மூன்றா என்று கேட்பார்கள். 'திறமை' என்று தொடங்கும் சொல்லும் ஆகாது, சாதாரண தரப் பரீட்சையில் திறமைச் சித்தி என்பது ஒரு பெறுபேறு, அது வேறு விஷயம். இங்கே அளக்கப்படுவது உழைப்பு. இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் (SLQF) ஒரு கிரெடிட்டுக்கு 50 மணிநேரக் கற்றல் என்று கணக்கு. விரிவுரை மட்டுமின்றி, அறையில் உட்கார்ந்து தானே படிப்பதும் அதில் அடக்கம். முழுநேரமாகப் படித்தால் ஆண்டுக்கு 30. மூன்றாண்டுப் பட்டத்துக்கு 90, நான்காண்டுச் சிறப்புப் பட்டத்துக்கு 120. இதற்கு 'மதிப்பலகு' பொருத்தம். அலகு என்றால் பாடநூலின் ஒரு பகுதி என்று பிள்ளைகள் பழகியிருந்தாலும், மதிப்பு முன்னால் நிற்பதால் வேறுபாடு தெரியும்.

நேரசூசியா, கால அட்டவணையா என்று நீண்ட வாதம் நடந்தது. இரண்டும் இருக்கட்டும், அவரவர் ஊர்ச்சொல். ஆனால் இந்த அரையாண்டில் என்னென்ன பாடங்கள் நடக்கின்றன என்பது பாடப்பட்டியல். எந்த நாள், எத்தனை மணி, எந்த மண்டபம் என்பது நேரசூசி. பிள்ளைகள் பாடப்பட்டியலில் பார்த்துப் பிடித்த பாடங்களைத் தெரிவுசெய்துவிட்டு, பிறகு நேரசூசியில் இரண்டும் ஒரே மணிக்கு மோதுவதைக் காண்கிறார்கள். கைநூலில் இரண்டு பெயரும் பிரிந்தே நிற்க வேண்டும்.

ஒரு பாடத்துக்கு முன் முடித்திருக்க வேண்டியதை 'முன்பாடம்' என்று எழுதியிருக்கிறேன். 'முன்தேவை'யை விட நேரானது. கூடவே எடுக்க வேண்டியதற்குத்தான் இன்னும் சொல் அமையவில்லை. 'இணைபாடம்' என்றால் இணைப்பாடவிதானம், அதாவது விளையாட்டும் நாடகமும் நினைவுக்கு வரும். 'உடன்பாடம்' காதில் உடன்பாடு போல விழுகிறது, ஆனாலும் இப்போதைக்கு அதையே போட்டிருக்கிறேன். அச்சுக்குப் போகும் முன் இதைவிட நல்லது யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள், மாற்றிவிடுகிறேன்.