நொய்யரிசி, கருவாடு, புளி: செனகலில் மூவர் சாப்பிட்ட கதை

மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல், அதன் தலைநகர் டாக்காரில் இறங்கிய அன்று இரவு எட்டு மணிக்கு ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடைக்குப் போய் செபுஜென் என்ற மீன் சோறு கேட்டேன். கடைக்கார அம்மா சிரித்துவிட்டார். அது மதியச் சாப்பாடு, மூன்று மணிக்கெல்லாம் அண்டா காலி. முட்டையும் ரொட்டியும் தின்றுவிட்டு வந்து படுத்தேன்.

மறுநாள் ஒரு மணிக்கே ஆஜர். அங்கே பேசும் வொலோஃப் மொழியில் செப் என்றால் சோறு, ஜென் என்றால் மீன். மீன் துண்டைக் கீறி, பார்ஸ்லி, பூண்டு, மிளகாய் அரைத்த விழுதை உள்ளே அடைக்கிறார்கள். தக்காளி விழுதை எண்ணெயில் கருஞ்சிவப்பாகும்வரை வதக்கி, தண்ணீர் விட்டு, அதில் மீனும் மரவள்ளி, கேரட், கோஸ், கத்திரிக்காயும் வேகின்றன. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, மிச்சச் சாற்றில் அரிசி வேகிறது. அந்த அரிசிதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. நொய்! எங்கள் வீட்டில் நொய் என்றால் காய்ச்சல்காரருக்குக் கஞ்சி, இல்லையென்றால் கோழிக்குத் தீனி. பிரெஞ்சு ஆட்சியில், வியட்நாம் அடங்கிய இந்தோசீனாவிலிருந்து வந்து இறங்கியது நொய்யரிசி. நாக்கு அதற்கே பழகிவிட்டது, இன்று இந்தச் சோற்றுக்கு நொய்தான் வேண்டும் என்கிறார்கள். தெருமுனைக் கடையில் பார்த்த மூட்டையில் ‘இந்தியா’ என்றே அச்சடித்திருந்தது.

வாசனைக்கு கெஜ் என்ற கருவாடு. கூடவே புளி. அடியில் பிடித்த காந்தலைச் சுரண்டித் தனியாகத் தருகிறார்கள், அதற்குப் பெயர் ஹோஞ். எலுமிச்சை பிழிந்து அதைத் தின்றபோது பாட்டி வீட்டு அடுப்படி ஞாபகம் வந்தது. 2021-இல் யுனெஸ்கோ இந்தச் சமையலைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்ததாம். அதற்கு முன்பே காந்தலுக்காகப் பிள்ளைகள் சண்டை போட்டிருப்பார்கள்.

அப்புறம், தங்கிய வீட்டில் ஒருநாள் கூப்பிட்டார்கள். பாயில் ஒரே பெரிய தாம்பாளம், சுற்றி ஏழு பேர். வலது கையால்தான் சாப்பிட வேண்டும், அது நமக்குப் புதிதில்லை. ஆனால் அவரவர் முன்னால் இருக்கும் பங்கைத்தான் தொடலாம். தெரியாமல் எதிர்ப்பக்கக் கேரட்டுக்குக் கை நீட்டினேன், பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். வீட்டுப் பெரியம்மா ஒன்றும் சொல்லவில்லை. நடுவிலிருந்த மீனை விரலால் பிய்த்து, முள் பார்த்து, என் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தார். ‘சூர் நா’, அதாவது வயிறு நிறைந்துவிட்டது என்று மூன்று முறை சொன்னேன். மூன்று முறையும் ‘லெக்கல்’ என்றார். சாப்பிடு!

*

மேலே எழுதியவர் கொடுத்து வைத்தவர். நான் சைவம். ‘இறைச்சி வேண்டாம்’ என்று கவனமாகச் சொன்னேன், சரி சரி என்று தலையாட்டினார்கள், மீனோடு வந்தது தட்டு. மீன் அங்கே இறைச்சிக் கணக்கில் வராது போல. இரண்டாம் நாளிலிருந்து காலைச் சாப்பாட்டையே நம்பினேன். தங்கானா எனப்படும் தெருவோரப் பெஞ்சுக் கடையில் நீள ரொட்டியைப் பிளந்து, காராமணி மசியலை வழிய வழிய வைத்துத் தருவார்கள். அதன் பெயர் ந்தாம்பே. மசியலில் என்ன சேர்த்திருக்கிறது என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். மாலையில் அதே காராமணியை அரைத்துப் போட்ட அக்காரா, அதாவது வடை. தொட்டுக்கொள்ளக் காரமான தக்காளி வெங்காயச் சட்னி. காப்பி தூபா என்ற அந்த ஊர்க் காப்பியில் ஜார் என்ற காட்டமான மசாலா விதையைச் சேர்த்து வறுக்கிறார்கள். நம் சுக்குக் காப்பிக்கு ஒன்றுவிட்ட அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

*

சாப்பாட்டைப் பற்றியே பேசுகிறீர்கள், அத்தாயா என்ற டீயை விட்டுவிட்டீர்களே! கரியடுப்பில் சின்னக் கெண்டி, பச்சைத் தேயிலை, புதினா, பல் கூசும் அளவுக்குச் சர்க்கரை. நுரை கட்டும்வரை ஒரு குட்டிக் கிளாஸிலிருந்து இன்னொன்றுக்கு உயரத் தூக்கி ஆற்றுவார்கள். நம்மூர் டீ மாஸ்டர் பார்த்தால் மதிப்பார். மூன்று சுற்று. முதலாவது கசப்பு, போகப் போக இனிப்பு. நடுவில் எழுந்து போவது மரியாதை இல்லை என்று சொல்லியிருந்தார்கள். டாக்காருக்குப் பக்கத்துக் கோரே தீவுக்கு மூன்று மணிப் படகைப் பிடிக்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன். மூன்றாவது கிளாஸ் கைக்கு வந்தபோது மணி மூன்றே முக்கால்.