புற்றணுவும் தட்டணுவும்: உறைவா, திரட்சியா?

அன்புள்ள ஐயா, வணக்கம்.

புற்றுச் செல்கள் இரத்த ஓட்டத்தில் நுழைந்ததும் தட்டணுக்களை (பிளேட்லெட்) தம்மைச் சுற்றிச் சேர்த்துக்கொள்ளும் நிகழ்வுக்குத் தாங்கள் முன்வைத்த "கட்டிச்செல் தூண்டு குருதியுறைவு" என்னும் தொடரைப் படித்தேன். ஓசை நயம் இருக்கிறது. ஆயினும் அதன் முதலும் ஈறும் எனக்கு இடறுகின்றன.

எங்கள் வேலூர்ப் பக்கம் காலில் இரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டாலும் "ரத்தக் கட்டி" என்றுதான் சொல்வார்கள். புற்றும் அடைப்பும் ஒரே பத்தியில் வரும் இத்துறையில், எந்தக் கட்டி எதைத் தூண்டுகிறது என்று வாசகர் திகைக்க நேரும். "கட்டிச்செல்" என்பதற்குப் பதிலாக, சிவப்பணு, வெள்ளையணு என்னும் வரிசையில் "புற்றணு" இயல்பாகவே அமர்ந்துவிடும்.

"உறைவு" என்பதில்தான் என் மறுப்பு வலுவானது. ஃபைப்ரினோஜன் என்னும் புரதத்தைத் திராம்பின் என்னும் நொதி வெட்டி ஃபைப்ரின் இழைகளாக்குவது உறைதல். அதே ஃபைப்ரினோஜன் வெட்டுப்படாமலே பாலமாக நின்று ஒரு தட்டணுவை இன்னொன்றோடு பிணைப்பது திரளுதல். ஆய்வகத்தில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். சிட்ரேட் கலந்த இரத்தத்தை மெதுவாகச் சுழற்றி, மேலே நிற்கும், தட்டணுக்கள் நிறைந்த கலங்கலான மஞ்சள் நீரைச் சிறு கண்ணாடிக் குழாயில் 37 டிகிரி வெப்பத்தில் கலக்கியபடி, அதில் தட்டணுக்களைத் தூண்டும் ஏ.டி.பி. என்னும் வேதிப்பொருளைச் சிறிது விட்டால், சில நிமிடங்களில் கலங்கல் முறிந்து வெண்துகள்கள் திரள, குழாயினூடே ஒளி தடையின்றிப் பாயும். உறைதலுக்கு வேண்டிய கால்சியத்தைச் சிட்ரேட் பிடித்து வைத்திருப்பதால் அந்நீர் உறைவதில்லை, ஆனாலும் திரள்கிறது. ஏ.டி.பி.யை வெளிவிடும் புற்றணுக்களும் உண்டு.

உடலுக்குள் இவ்விரண்டும் பின்னிக் கிடப்பது உண்மையே. பல புற்றணுக்களின் மேற்பரப்பிலுள்ள, உறைதலைத் தொடக்கிவைக்கும் புரதமான திசுக்காரணி திராம்பினை உண்டாக்க, அந்தத் திராம்பின் தட்டணுக்களையும் உசுப்பிவிடுகிறது. புற்றுநோயாளரின் சிரைகளில் இரத்தம் உறைவதை 1865-இல் பிரெஞ்சு மருத்துவர் துரூசோ விவரித்ததும் இந்த உறவைத்தான். ஆயினும், தட்டணுக்களைக் குறைத்த எலிகளில் புற்றுப் பரவல் குறைந்ததை 1968-இல் காசிக் என்னும் ஆய்வாளரின் குழுவினர் காட்டியபின், கவனம் தட்டணுவின் பக்கமும் திரும்பியது. புற்றணுவைத் தட்டணுக்கள் போர்வைபோல் மூடிக்கொள்வதால், நோயெதிர்ப்பு அணுக்களான இயற்கைக் கொல்லி அணுக்களின் தாக்குதலிலிருந்து அது தப்புகிறது. மருந்தும் வேறுபடுகிறது: ஆஸ்பிரின் தட்டணுவின்மேலும், ஹெப்பாரின் முதன்மையாக உறைதலின்மேலும் வேலை செய்கின்றன. இரண்டையும் "உறைவு" என்றே எழுதினால் நோயாளிக்குத் தரும் தமிழ்க் குறிப்பில் குழப்பம் நேரும்.

உட்கரு இல்லாத, எலும்பு மச்சையிலுள்ள பேரணுக்களிலிருந்து பிரிந்த வெறும் துணுக்கை "அணு" எனலாமா என்று அன்பர் ஒருவர் கேட்டிருந்தார். பள்ளி நூல்களில் "இரத்தத் தட்டு", இலங்கையில் "குருதிச் சிறுதட்டு" என வழக்குகள் உள. ஆனால் டெங்குக் காய்ச்சல் செய்திகளால் "தட்டணு" வீடுவரை வந்துவிட்டது. பேச்சில் "பிளேட்லெட்" என்பவரும் எழுத்தில் இதைக் கண்டு தயங்குவதில்லை. அதை மாற்ற வேண்டியதில்லை என்பது என் கருத்து.

ஆகவே "புற்றணுத் தூண்டு தட்டணுத் திரட்சி" என்று முன்மொழிகிறேன். முழுத்தொடர் நீளமெனில், முதல்முறைக்குப்பின் "புற்றுத் திரட்சி" போதும். புற்றணுவைச் சூழ்ந்த உறைக்குத் "தட்டணுப் போர்வை" என்றும், இரத்தக் குழாய்ச் சுவரில் ஒட்டுவதற்கு "ஒட்டல்" என்றும் தனித்தனியே வைத்துக்கொள்ளலாம். இரத்தவகைச் சோதனையில் சிவப்பணுக்கள் ஒட்டிச் சேர்வதற்கும் சிலர் "திரட்சி" என்றே எழுதுகிறார்கள். அதற்கு வேறு சொல் தேட வேண்டும். தங்களிடம் ஏதேனும் உண்டா?